தம் இறையும் பிறர் இறையும்: உருசியச் சிறுகதைகளில் பதவியச்சம்

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன் நான்கு என்பர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் எந்நாட்டார்க்கும் எளிதில் விளங்குவன. காட்டில் புலியைக் கண்டவன் நடுங்குவதும், நள்ளிரவில் கள்வரைக் கண்டவன் குரலடைத்து நிற்பதும் உலகெங்கும் ஒன்றே. நான்காவது அவ்வாறன்று. ஆசிரியர் இறை என வாளா கூறாது, தம் இறை எனக் கிழமைப்பொருள் தோன்ற அடை கொடுத்து ஓதினார். தன்னை ஆளும் உரிமை எவனுக்கு உண்டோ, தன்னை ஒறுக்கும் ஆற்றல் எவனிடம் உண்டோ, அவனை அஞ்சுதலே இயல்பு. பிறர்க்கு இறையாயினானை அஞ்சவேண்டுவதில்லை என்பது அவ்வடையாற் பெறப்படும்.

அவ்வடை ஒன்றனை அளவுகோலாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு உருசியச் சிறுகதைகள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறநாட்டுக் கதைகளைத் தமிழ் இலக்கண நூலின்வழி நோக்குதல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராகலாம். மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதல். புஷ்கின், கோகல், செகாவ் ஆகிய மூவரும் அரசைப்பற்றி எழுதப் புகுந்தபோது அரண்மனையையும் சட்ட நூலையும் அரிதாகவே எழுதினர். முதுகு வளைவதை எழுதினர். நா குழறுவதை எழுதினர். சட்டைப் பொத்தான்கள் விரைந்து பூட்டப்படுவதை எழுதினர். ஆதலின் மெய்ப்பாட்டியல் அவர்தம் கதைகட்கு அயலான கருவி அன்று.

இக்கதைகளைக் குறித்து நம்மிடையே வழங்கும் கருத்து யாவரும் அறிந்ததே. அதிகாரத்தின் கீழ் நசுக்குண்ட எளிய மனிதனின் துயரைக் காட்டி இரக்கம் விளைப்பன இவை என்பது அக்கருத்து. அதனைப் பிழையென்று தள்ளல் இயலாது. ஆயின் அது பாதி உண்மையே. இரக்கத்தோடு நின்றுவிடும் வாசகன் மேலிருப்போனைக் கொடியவன் என்றும் கீழிருப்போனைக் குற்றமற்றவன் என்றும் பிரித்துவைத்து, நூலை மூடிவிடுகின்றான். கதையோ அப்பிரிவினைக்கு உடன்படுவதில்லை. மேலிருப்போன் மன்னித்த பின்னும் கீழிருப்போன் அஞ்சுகின்றான். மேலிருப்போன் கை நீட்டிய பின்னும் கீழிருப்போன் வளைகின்றான். அவ்வச்சம் எங்கிருந்து வந்தது, எவர் அதனைக் காத்துவருகின்றனர் என்பதே இக்கதைகள் எழுப்பும் வினா.

இதற்கு முதற்கண் உருசிய நாட்டுப் பதவியமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பேரரசர் பீட்டர் 1722-ஆம் ஆண்டில் பதவி வரிசை அட்டவணை ஒன்றனை வகுத்தார். படைத்துறை, குடியியல் துறை, அரண்மனைத் துறை என்னும் மூன்றிலும் பணிகள் 14 படிகளாக அடுக்கப்பட்டன. 14-ஆம் படி கடைநிலை, முதற்படி உச்சி. குடிப்பிறப்பு ஒன்றே உயர்வு தரும் என்னும் நிலையை மாற்றி, பணியாலும் ஒருவன் மேலேறலாம் என வழிசெய்தது இது. குடியியல் துறையில் தொடக்கத்தில் 8-ஆம் படியை எட்டியவன் வழிவழிப் பெருங்குடி உரிமை பெற்றான். 1845-இல் அவ்வுரிமை 5-ஆம் படிக்கும், 1856-இல் 4-ஆம் படிக்கும் உயர்த்தப்பட்டது. ஏணியில் ஏறுவோர் பெருகப் பெருக ஏணியின் தலை மேலே தள்ளிப்போயிற்று என்க. படிகட்கேற்ப விளிச்சொற்களும் ஐவகையாய் அமைந்தன. 3, 4-ஆம் படியினரை விளிக்கும் சொல்லால் 5-ஆம் படியினரை விளித்தல் முறையன்று. சீருடை, பொத்தான், காலரின் பின்னல் வேலை ஆகியவற்றைக்கொண்டே ஒருவன் எத்துறையினன், எப்படியினன் எனத் தெருவிற் செல்வோர் அறிந்துகொள்ளலாம். 1917-ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னரே இவ்வமைப்பு ஒழிந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஒரு நாட்டுமக்கள் தம் மதிப்பை எண்ணால் அறிந்து வாழ்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

புஷ்கின் 1831-இல் வெளியிட்ட பேல்கின் கதைகளுள் ஒன்று வழிநிலையத் தலைவனைப் பற்றியது. நெடுவழிகளில் பயணிகட்குக் குதிரை மாற்றித்தரும் நிலையங்களின் பொறுப்பாளர் 14-ஆம் படியினர். அப்படி அவர்க்குத் தந்த நன்மை, அடிபடாமல் இருப்பது ஒன்றே. அதுவும் எப்பொழுதும் அன்று எனக் கதைசொல்லி நகைத்துக் கூறுகின்றான். குதிரை குறைவாய் இருப்பின் உயர்ந்த பதவியினனுக்கே முதலில் தருவர். பிறர் மழையிற் காத்திருப்பர். பதவிக்குப் பதவி மதிப்பளிக்கும் இம்முறையை விடுத்து அறிவுக்கு அறிவு மதிப்பளிக்கும் முறை வந்தால், விருந்தில் ஏவலர் எவர்க்கு முதலில் பரிமாறுவது என அறியாது திகைப்பரே என்று அவன் வினவுமிடத்தில் எள்ளல் கூர்மையாய் அமைந்துள்ளது. சாம்சன் வீரின் என்னும் அந்நிலையத் தலைவனின் மகள் தூன்யாவைக் குதிரைப்படைத் தலைவன் ஒருவன் அழைத்துச் சென்றுவிடுகின்றான். தேடிச் சென்ற தந்தையின் சட்டைக்கைக்குள் பணத்தாள்களைச் செருகி வெளியே அனுப்புகின்றான். வீரின் அவற்றைக் கசக்கி எறிந்து, மிதித்து, சிறிது தொலைவு நடந்தபின் எண்ணம் மாறித் திரும்பிப் பார்க்கின்றான். அதற்குள் வேறொருவன் எடுத்துச் சென்றுவிட்டான். முறையிடுமாறு நண்பன் கூறியும் அவன் கேட்டிலன். இக்கதையில் அச்சம் இன்னும் தம் இறை என்னும் எல்லைக்குள் நிற்கின்றது; வலியோன் எதிரே நிற்கின்றான், எளியோன் பின்வாங்குகின்றான். அத்திரும்பிப் பார்த்தல் ஒன்றே பின்வந்தோர்க்கு வித்தாயிற்று.

கோகலிடம் வரும்போது நிலை மாறுகின்றது. 1836-இல் வெளிவந்த மூக்கு என்னும் கதை வேடிக்கைக் கதையெனவே பலரும் கருதுவர். கவல்யோவ் என்பான் ஒருநாட் காலையில் விழித்து, முகத்தில் மூக்கில்லாமை காண்கின்றான். அம்மூக்கு பொற்பின்னல் உடுத்து, வண்டியேறி, நகர்வலம் வருகின்றது. கவல்யோவ் 8-ஆம் படியினன்; மூக்கோ தன் சீருடையாலும் தொப்பியிறகாலும் 5-ஆம் படியினது! தன் முகத்தின் உறுப்பைத் தான் திரும்பப் பெறுதற்கு எவ்வாறு பேச்செடுப்பது, எச்சொல்லால் விளிப்பது என அறியாது அவன் தடுமாறுகின்றான். மூக்கு அவன் பொத்தான்களை நோக்கி, நீவிர் வேறு துறையினர் எனக் கருத்துப்படக் கூறி அகல்கின்றது. இங்கே தம் இறை என்னும் அடை முதன்முறையாக நெகிழ்கின்றது. மூக்கு அவனுக்கு மேலதிகாரி அன்று. அவன் துறையினதும் அன்று. அவனுடைய மூக்கே அது. படியெண் ஒன்றே அவனை அஞ்சச் செய்கின்றது. இருவரும் சந்திக்கும் இடத்தைக் கோகல் கசான் பேராலயமாக வைத்திருந்தார்; தணிக்கைக்கு அஞ்சி அச்சில் அது கடைத்தெருவாக மாற்றப்பட்டது என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. பதவியை நகையாடிய கதையும் பதவிக்கு அஞ்சியே அச்சேறியது.

1842-இல் வெளிவந்த மேலங்கி என்னும் கதையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தமிழ் வாசகர் பலர் படித்ததே. அக்காக்கி அக்காக்கியெவிச் 9-ஆம் படி எழுத்தன். ஆண்டுக்கு 400 ரூபிள் ஊதியம். புதிய மேலங்கிக்கு 80 ரூபிள் வேண்டும். மாலைத் தேநீரை நிறுத்துகின்றான், விளக்கேற்றாது இருக்கின்றான், செருப்பின் அடி தேயாவண்ணம் கல்பாவிய தெருவில் மெல்ல அடியெடுத்து வைக்கின்றான், ஆடை தேயுமென வீட்டினுள் அவற்றைக் களைந்துவிட்டுப் பழைய அங்கியோடு இருக்கின்றான். ஓர் அரசின் ஊதியப் பட்டியல் ஒருவன் காலடி வைக்கும் முறையை எவ்வாறு மாற்றுகின்றது என்பதனை இதனினும் செறிவாகக் காட்டிய பகுதி சிறுகதையுலகில் அரிது. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் இக்கதையில் நிரம்பியுள்ளன.

ஆயின் இரக்கக் கொள்கையினர் பெரும்பாலும் கண்டுகொள்ளாத இடங்கள் இரண்டு. அக்காக்கியின் உழைப்பை மெச்சிய நல்லெண்ணமுடைய மேலாளர் ஒருவர், படியெடுத்தலினும் சிறிது உயர்ந்த வேலையை அவனுக்குத் தருகின்றார். தலைப்பை மாற்றுதலும், சிற்சில இடங்களில் தன்மை வினையைப் படர்க்கையாக்குதலுமே அவ்வேலை. அவன் வியர்த்து, நெற்றியைத் துடைத்து, எனக்குப் படியெடுக்கவே ஏதேனும் கொடுங்கள் என வேண்டுகின்றான். தன்மையைப் படர்க்கையாக்குதல் இலக்கணம் பயிலும் சிறுவர்க்கும் எளிது. அவனுக்கு அது மலையாய்த் தோன்றிற்று. இங்கு அவனை எவரும் தாழ்த்தவில்லை, உயர்த்தவே முயன்றனர். மற்றோரிடம், அவனை அதட்டி அழிவுக்கு ஆளாக்கிய முதன்மை மனிதரைப் பற்றியது. அவர் அப்பதவி கிட்டும் முன்னர் ஒரு கிழமை கண்ணாடிமுன் நின்று அதட்டிப் பழகியவர். 14-ஆம் படியினன் 12-ஆம் படியினனிடம் கூற, அவன் 9-ஆம் படியினனிடம் கூற, அவ்வாறே ஏறிவந்த பின்னரே செய்தி தம்மை எட்டவேண்டும் என விதித்தவர். இயல்பில் நல்லவர். தம்மினும் ஒரு படி தாழ்ந்தோர் கூடிய அவையில் பேச விழைந்தும், பேசின் மதிப்புக் குறையுமோ என அஞ்சி ஊமைபோல் அமர்ந்திருப்பவர். அக்காக்கியை அதட்டியபோதும் அவர் நோக்கியது அவனை அன்று. அருகிருந்த நண்பர் வியந்தாரா என்பதனையே. அவருக்கும் இறை ஒன்று உண்டு. அது மனிதன் அன்று, எண்.

தையற்காரனின் மூக்குப்பொடிச் சிமிழை ஒரு சொல்லாற் கூறிச் செல்லலாம். அதன் மூடியில் தளபதி ஒருவரின் படம். முகமிருந்த இடம் விரல்பட்டு ஓட்டையாகி, சதுரத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. முகமில்லாத் தளபதி! கோகல் இதற்கு விளக்கம் எழுதினாரல்லர்.

செகாவ் 1860-இல் பிறந்தவர். நிலத்தோடு பிணிக்கப்பட்ட அடிமைக் குடியானவர்க்கு அரசு விடுதலை அளித்தது அதற்கு அடுத்த ஆண்டில். அவர்தம் பாட்டனாரே அவ்வடிமை நிலையினின்று பணங்கொடுத்து 1841-இல் தம்மை மீட்டுக்கொண்டவர். இளமையில் நகைச்சுவை இதழ்கட்கு விரைந்தெழுதிய சிறுசிறு கதைகளில், இருபத்து மூன்று வயதில், கோகல் விட்ட இடத்தினின்று அவர் தொடங்கினார்.

எழுத்தன் ஒருவனின் சாவு என்னும் கதை 1883-இல் வெளிவந்தது. செர்வியக்கோவ் இசைநாடகம் காணச் சென்று, இரண்டாம் வரிசையில் அமர்ந்து தும்முகின்றான். முன் வரிசையிலிருந்த முதியவர் தம் வழுக்கைத் தலையைக் கையுறையால் துடைக்கின்றார். அவர் போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரி பிரிழாலவ். உடனே மன்னிப்புக் கேட்கின்றான். அவரும் பொருட்படுத்த வேண்டா என்கின்றார். இடைவேளையில் மீண்டும் கேட்கின்றான். மறுநாள் அலுவலகம் சென்று கேட்கின்றான். அதற்கடுத்த நாளும் செல்கின்றான். அவர் சினந்து வெளியேறச் சொல்லுகின்றார். வீடு திரும்பியவன் சீருடையைக் களையாமலே படுத்து, இறந்துபோகின்றான்.

அவர் தன் மேலதிகாரி அல்லர், அயல் துறையினர் என அவனே தனக்குள் கூறிக்கொள்கின்றான். ஆயினும் தகாதது நிகழ்ந்தது என வருந்துகின்றான். வீட்டில் மனைவியிடம் கூறும்போது அவள் முதலில் அஞ்சுகின்றாள். அவர் அயலார் என்று கேட்டதும் அமைதியடைகின்றாள். அவள் தொல்காப்பிய நெறியினள்! தம் இறை அல்லன் என்பது தெளிந்ததும் அச்சம் நீங்கிவிட்டது. பின்னரும் நாகரிகம் கருதி மன்னிப்புக் கேட்டுவா என அவனை அனுப்புபவள் அவளே என்பது வேறு. செர்வியக்கோவின் அச்சமோ அவ்வடையைத் தாண்டிவிட்டது. ஒறுக்கும் ஆற்றல் அவரிடம் இல்லை. ஒறுக்கும் எண்ணமும் இல்லை. இருந்தும் அவன் அஞ்சுகின்றான். மன்னிப்பு அவனுக்கு வேண்டியதன்று எனவே தோன்றுகின்றது. மேலிருப்போன் மேலிருப்போனாகவே நடந்து, தன்னைக் கீழிருப்போனாகவே ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதே அவன் வேட்கை. பிரிழாலவ் சாதாரண மனிதனாய் நடந்துகொண்டார். அதனை அவனாற் பொறுக்க இயலவில்லை. இறுதியில் அவர் காலை உதைத்துக் கத்தியபோது முறை நிறைவேறிற்று, அவனும் இறந்தான்.

இவ்விளக்கம் மிகைபடக் கூறல் எனத் தோன்றுமாயின், செகாவ் தம் கதையொன்றைத் தாமே திருத்திய செய்தி அவ்வையத்தைப் போக்கும். பருத்தவனும் மெலிந்தவனும் என்னும் கதையும் 1883-இல் வந்தது. பள்ளித் தோழர் இருவர் புகைவண்டி நிலையத்தில் எதிர்ப்படுகின்றனர். மெலிந்தவன் மனைவியும் மகனும் உடனுள்ளனர், மூட்டைகள் பல. 8-ஆம் படியினன், மரத்தாற் சிகரெட்டுப் பெட்டி செய்து விற்றும், மனைவி இசை கற்பித்தும் காலம் தள்ளுகின்றனர். இருவரும் தழுவிக் கண்கலங்கி உரையாடுகின்றனர். பருத்தவன் தான் 3-ஆம் படியை எட்டியதைச் சொன்ன அந்நொடியில் மெலிந்தவன் முகம் வெளுத்துக் கல்லாகின்றது, பின் புன்முறுவல் முகமெங்கும் பரவுகின்றது, உடல் குறுகுகின்றது, மூட்டைகளும் கூடக் குறுகுவனபோல் தோன்றுகின்றன, மகன் நிமிர்ந்து நின்று பொத்தான்கள் அனைத்தையும் பூட்டுகின்றான். முன்னர் அறிமுகம் செய்த மனைவியையும் மகனையும் அதே சொற்களால் மீண்டும் அறிமுகம் செய்கின்றான். பருத்தவனுக்குக் குமட்டல் வருகின்றது. இத்தகைய பதவி வணக்கம் நமக்குள் எதற்கு என வினவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கை நீட்டுகின்றான்.

முதல் வடிவில் பருத்தவனே மெலிந்தவனுக்கு மேலதிகாரியாய் அமைந்திருந்தான். அவனைக் கடிந்து பேசவும் செய்தான். அவ்வடிவில் மெலிந்தவனின் நடுக்கம் தம் இறையால் வந்தது, ஏது விளங்கியது, வாசகன் இரங்கவும் வழியுண்டு. 1886-இல் பல்வண்ணக் கதைகள் என்னும் தொகுதிக்காகத் திருத்தியபோது செகாவ் அவ்வுறவை அறவே நீக்கினார். இப்போது பருத்தவன் அவனுக்கு யாதொரு தீங்கும் செய்யவல்லான் அல்லன், செய்யவும் விரும்பான், தோழமையையே விரும்புகின்றான். அடை எடுக்கப்பட்டது, அச்சம் மட்டும் எஞ்சியது. கதையின் இறுதியில் மெலிந்தோர் மூவரும் இனியதொரு திகைப்பில் ஆழ்ந்தனர் எனச் செகாவ் முடித்தார். இனிய என்னும் அச்சொல்லை நம் திறனாய்வாளர் பலரும் விட்டுச்செல்கின்றனர். அச்சத்தோடு உவகையும் கலந்தது என்பது அதன் பொருள். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என உவகைக்கு ஓதப்பட்ட நிலைக்களன்களுள் இதனை எதனுள் அடக்குவது? ஒரு பேராளனைத் தன் தோழன் எனப் பெற்றமையைச் செல்வமாக அவன் கொண்டான் போலும். தோழமையை இழந்து அச்செல்வத்தைப் பெற்றான்.

இக்கதையைப் பொறுத்தமட்டில் தமிழ் வாசகர்க்கு ஆங்கில வாசகர்க்கு இல்லாத வாய்ப்பு ஒன்று உண்டு. உருசிய மொழியில் நெருங்கியோரை ஒருமையாலும், மதிப்பிற்குரியோரைப் பன்மையாலும் விளிப்பர். மெலிந்தவன் ஒருமையில் தொடங்கிப் பன்மைக்குத் தாவுவதே கதையின் திருப்பம். ஆங்கிலத்தில் இரண்டற்கும் ஒரே சொல். ஆகவே அம்மொழிபெயர்ப்பில் விளிப்பட்டம் ஒன்றே இம்மாற்றத்தைத் தாங்கவேண்டியதாகின்றது. தமிழிலோ நீ என்றவன் தாங்கள் என்னும்போது, வினைமுற்றும் உடன்மாறி, வாக்கியம் முழுதும் வளைந்து நிற்கும். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்த்துக்கூறலே அன்றி இலக்கண நெறியாகாது எனக் கிளவியாக்கத்துள் தொல்காப்பியர் விலக்கியும் தழுவியும் கூறியது ஈண்டு நினையத்தகும். இலக்கணம் தாராத உயர்வை வழக்குத் தருகின்றது. அவ்வழக்கை நடத்துவது சமுதாயப் படிநிலை. ஆங்கில வழியாகத் தமிழாக்கம் செய்வோர் தொடக்க உரையாடலிலேயே நீங்கள் எனப் போட்டுவிடின் இக்கதை செத்துவிடும். அவ்வாறமைந்த படியைக் கையிற்கொண்டு இக்கதையில் அப்படி என்ன இருக்கிறது என வினவிய மாணவரை யான் குறைகூற மாட்டேன்.

படியச்சம் வீட்டினுள் நுழைந்து குடும்பமாவதைக் காண விழைவோர் 1895-இல் செகாவ் எழுதிய கழுத்தில் அன்னா என்னும் கதையைக் காண்க. அன்னா என்பது ஒரு பெண்ணின் பெயர். கழுத்தில் அணியும் அரசு விருது ஒன்றன் பெயருமாகும். 18 வயதுப் பெண் வறுமையால் 52 வயது அதிகாரியை மணக்கின்றாள். சிறுமியாய் இருந்தபோது அவளுக்குப் பள்ளித் தலைவர் பேருருவாய்த் தோன்றினார். பின் மேதகு ஆளுநர். அவ்வரிசையில் இப்போது கணவன். மேலதிகாரியின் மனைவிக்கு முதலில் வணங்கு என அவன் ஏவுகின்றான், அவள் வணங்குகின்றாள். ஒரு நடனவிருந்தில் மேதகையார் அவள் அழகை மெச்சி, மறுநாள் வீடுதேடி வந்து செல்கின்றார். அவர் சென்றதும் கணவன் அவள்முன் வந்து நிற்கின்றான். வலியோர்முன் அவன் வழக்கமாய்க் காட்டும் அதே இனிப்பான பணிவு இப்போது அவள்முன்! அவள் அதனை உணர்ந்து, அவனை மடையன் என இகழ்ந்து வெளியே அனுப்புகின்றாள். பெண் விடுதலை பெற்றாள் என மகிழ்வோர் கதையின் கடைசிப் பகுதியைப் படித்தாரல்லர். குடித்துத் தள்ளாடும் தந்தை அவள் வண்டியைக் கண்டு கூவ முனைகின்றார். வேண்டா அப்பா எனச் சிறுவராகிய தம்பியர் இருவரும் அவர் கையைப் பற்றித் தடுக்கின்றனர். அவள் மேற்படியில் நின்று அவர்களைக் காணாது சென்றுவிட்டாள். அவள் ஏணியை உடைத்தாள் அல்லள், ஏறினாள்.

இதுகாறும் கூறியவற்றால், குற்றம் கீழிருப்போர் உள்ளத்ததே, அரசின்மேல் பழியில்லை என்னும் முடிவுக்கு யான் வாசகரை அழைத்துச் செல்வதாய் எவரேனும் தடைவிடுத்தால், அத்தடை நியாயமானதே. அதற்கு விடை, அட்டவணையில் இடமே இல்லாதாரைப்பற்றிய கதைகளில் உள்ளது. 1885-இல் வந்த குற்றவாளி என்னும் கதையில் தெனீசு என்னும் குடியானவன், இருப்புப்பாதைத் தண்டவாளத்தின் திருகு ஒன்றனைக் கழற்றித் தூண்டிலுக்குக் கனமாகக் கட்டியமைக்காக விசாரணை நடுவர்முன் நிறுத்தப்படுகின்றான். வண்டி கவிழ்ந்து மக்கள் மாள்வர் என்கின்றார் நடுவர். கனமின்றித் தூண்டில் மூழ்காது, திருகில் துளையும் இருக்கின்றது, ஊரார் எல்லாரும் இதனையே செய்கின்றனர் என்கின்றான் அவன். நகைக்குரிய பேதைமையும் மடனும் இங்கு உண்டு. யாரிடம் என்பது அவ்வளவு தெளிவாயில்லை. சிறைக்கு எனக் கூறியதும் அவன், சந்தைக்குப் போகவேண்டும், கொழுப்பு விற்ற மூன்று ரூபிள் வரவேண்டும் என்கின்றான். பின், தன் உடன்பிறந்தான் செலுத்தாத வரிநிலுவைக்காகவே தன்னைப் பிடித்தனர் போலும் என எண்ணிக்கொள்கின்றான். தெனீசு கண்ட அரசு ஒன்றே: நிலுவை. அவனிடம் படியச்சம் இல்லை. வளைந்து பேசத் தெரியவில்லை. அதனாலேயே அவன் சொற்கள் நடுவரின் செவியில் ஏறவில்லை.

1897-இல் செகாவ் எழுதிய குடியானவர்கள் என்னும் நெடிய கதையில் அந்நிலுவை வீட்டிற்குள்ளேயே வருகின்றது. ஊர்த்தலைவன் வரிக்காகத் தேநீர்க்கலத்தைத் தூக்கிச் செல்கின்றான். சமவார் எனும் அக்கலம் இல்லாத வீடு வீடாகத் தோன்றவில்லை. இத்துயர்க்கெல்லாம் யார் காரணம் என்பதற்கு அவர்கள் சொல்லும் விடை, மாவட்ட ஆட்சிக்குழு என்பது. ஆட்சிக்குழு என்றால் என்ன என அவர்களுள் எவரும் அறியார். இங்கு வறுமையும் வன்மையும் மெய்ம்மையானவை. எவர் உள்ளத்திலும் கட்டப்பட்டவை அல்ல. எழுத்தரின் கதைகளையும் குடியானவரின் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் செகாவின் தீர்ப்பு முழுமையாகும். படியில் இடம்பெற்றவன் படியைத் தன்னுள் சுமந்து அதனைக் காக்கின்றான். அவ்வாறு காக்கப்பட்ட படியின் சுமை, படியில் இடமே இல்லாதவன் வீட்டுத் தேநீர்க்கலத்தின்மேல் இறங்குகின்றது. செர்வியக்கோவுக்கு இரங்குவோர் இவ்விணைப்பையும் காணவேண்டும்.

இவ்விரு வகையினர்க்கும் இடையே நிற்கும் ஒருவனைச் செகாவ் 1885-இல் படைத்தார். பிரிசிபேயெவ் ஓய்வுபெற்ற படைவீரன். அவன் வகித்தது அட்டவணையின் 14-ஆம் படிக்கும் கீழ்ப்பட்ட பதவி. அதாவது கணக்கில் சேராதது. அதுவும் முடிந்துபோயிற்று. ஊருக்குத் திரும்பி, எவரும் ஏவாமலே ஊர்மக்களை ஆளத் தொடங்குகின்றான். கூட்டம் கூடாதே என்கின்றான். பாட்டுப் பாடச் சட்டத்தில் இடமுண்டா என்கின்றான். இரவில் விளக்கேற்றி அமர்ந்திருப்போர் பெயரைத் தாளில் குறித்துவைக்கின்றான். பதினைந்து ஆண்டுகள் ஊரார் பொறுத்தனர். பொறுத்தனர் என்பதனையும் கவனித்தல் வேண்டும். அரசின் நீதிபதியே இதற்கு உனக்கு என்ன உரிமை என வினவி, ஒருமாதச் சிறை விதிக்கின்றார். அவனுக்கு அது விளங்கவேயில்லை. இக்கதை செகாவ் வழக்கமாக எழுதிவந்த வார இதழில் வெளிவரத் தணிக்கையாளர் இசையவில்லை. வேறொரு நாளிதழில் பின்னர் வந்தது. வெளியே வந்தவன் வாயிலில் குடியானவர் சிலர் கூடிப் பேசி நிற்பதைக் காண்கின்றான். அடக்கவியலாப் பழக்கத்தால் கைகள் தாமே இருபக்கமும் நீள, கரகரத்த குரலில் கலைந்து வீட்டிற்குச் செல்லுமாறு அதட்டுகின்றான். அவர்கள் கலைந்தனரா என்பதனைச் செகாவ் எழுதவில்லை.